முதன்முதல் வெளிநாடு: சிங்கப்பூரில் அம்மாவோடு தங்க, கையைக் கடிக்காத ஹொட்டல் எப்படிப் பார்ப்பது?

கல்லடிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் விடுமுறையில் அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போக நினைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கடல் தாண்டினது இல்லை. அம்மா கொழும்புக்கே வைத்தியத்துக்காக மட்டும் போய் வந்தவ. அவ அலைச்சல் இல்லாமல், சந்தோசமாக நாலு இடம் பார்த்துத் திரும்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நம் பாஸ்போட்டுக்கு சிங்கப்பூர் விசா தேவையில்லை, டிக்கெட் விலையும் பார்த்துவிட்டேன். ஹொட்டலில்தான் தலை சுற்றுகிறது. ஒரே தெருவில் 60 டொலருக்கும் அறை காட்டுகிறது, 260க்கும் காட்டுகிறது. படத்தில் எல்லாமே வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்தான். மூன்று பேருக்குமாக இரவுக்கு 110 சிங்கப்பூர் டொலர் ஒதுக்கலாம், நான்கு இரவு. அம்மாவுக்கு முழங்கால் வலி, மரக்கறிச் சாப்பாடு மட்டும். எதைப் பார்த்து முடிவெடுப்பது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்கரை_நானா

தம்பி, ஹொட்டல் என்பது இரவில் கண்ணை மூட மட்டும். பகல் முழுக்க வெளியில்தானே நிற்கப் போறீங்க. ஆகக் குறைந்த விலையில் சுத்தமாக இருக்கிறதைப் பிடிங்க, மிச்சக் காசுக்கு அம்மாவை நல்ல இடங்களுக்குக் கூட்டிப் போங்க. கேலாங் பக்கம் மலிவு என்று எல்லாரும் சொல்வார்கள். இன்னும் மலிவு வேண்டுமென்றால் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஜொகூர்பாருவில் தங்கி, பகலில் சிங்கப்பூர் வந்து போகிறவர்களும் இருக்கிறார்கள்.

திருக்கோவில்_கடல்

நானா, நான் இங்கே சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டும் இந்தத் தம்பிக்குச் சரிவராது என்று நினைக்கிறேன்.

ஜொகூர்பாரு மலேசியா. சிங்கப்பூருக்குத்தான் நமக்கு விசா இல்லை. மலேசியாவுக்கு எடுக்க வேண்டும். விசா இருந்தாலும், ஒவ்வொரு நாளும் எல்லையில் இரண்டு தடவை வரிசை. வேலை முடிந்து போகிற நேரத்தில் அந்த வரிசையில் நிற்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலியோடு ஒரு அம்மாவை அங்கே நிறுத்தக் கூடாது.

கேலாங்கில் நல்ல சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, மலிவு ஹொட்டலும் இருக்கிறது. ஆனால் அங்கே குறுக்குத் தெருக்களை 'லோரோங்' என்று இலக்கம் போட்டுத்தான் சொல்வார்கள். அதில் இரட்டை இலக்கத் தெருக்கள் சிலவற்றில் விபசார விடுதிகள் நடக்கின்றன. மணிக்கணக்குக்கு அறை கொடுக்கும் ஹொட்டல்களும் அந்தச் சுற்றில்தான். தனியாக வருகிற ஆம்பிளைக்கு அது ஒரு தெரு மட்டும். அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டி இரவு பத்து மணிக்கு அந்த வழியால் நடந்து வர உங்களுக்கே மனம் வராது.

பாசிக்குடா_வரவேற்பு

தம்பி, நான் பாசிக்குடாவில் ஒரு ஹொட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கிறவன். வெளிநாட்டுக்காரர் எங்களிடம் வந்து எதையெல்லாம் கேட்டுச் சண்டை பிடிப்பார்களோ, அதையெல்லாம் நீங்கள் புக் பண்ண முதலே பார்த்துவிடலாம்.

முதலில் விலை. சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி (++) போட்டிருந்தால் அது முழு விலை இல்லை. 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 வீதம் ஜிஎஸ்ரி வரி சேரும். இந்த 9 வீதம் 2024 ஜனவரியில் இருந்து. ஆகவே 100 டொலர் அறை, 110 ஆகி, வரியோடு 119.90 ஆகும். நான்கு இரவுக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 80 டொலர் வித்தியாசம். தேடும்போது 'வரிகள் உட்பட' என்று வைத்துத் தேடுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் காட்டும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது அறை அளவு. படத்தை நம்பாதீர்கள், மூலையில் நின்று அகலக் கமராவால் எடுப்பது எங்கள் தொழிலில் வழமை. சதுர மீற்றர் கணக்கைப் பாருங்கள். 10 சதுர மீற்றர் என்றால் ஏறக்குறைய 108 சதுர அடி, குளியலறையும் அதற்குள்தான் இருக்கும். மூன்று பேரும் மூன்று பெட்டியும் அதற்குள் அடங்காது.

கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீட்டுக் கட்டடங்களை ஹொட்டலாக மாற்றியிருப்பார்கள், அதனால் ஜன்னலே இல்லாத அறைகள் அங்கே நிறைய. விவரத்தில் 'ஜன்னல் இல்லை' என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். இளைஞர்களுக்கு அது பிரச்சினை இல்லை. நம் ஊரில் கதவைத் திறந்தால் காற்று வரும் வீட்டில் இருந்து பழகிய அம்மாவுக்கு அது மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். ஜன்னலுக்காகக் கொஞ்சம் கூடக் கொடுங்கள்.

லிஃப்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதே கடைவீட்டுக் கட்டடங்கள் சிலவற்றில் செங்குத்தான படிதான். 'லிஃப்ட் உண்டு' என்று எழுத்தில் இல்லாவிட்டால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆள் விசயத்தில் மறைக்க வேண்டாம். இரண்டு பேருக்கு எடுத்துவிட்டு மூன்று பேராகப் போய் நின்றால், முன்மேசையில் மூன்று பாஸ்போட்டையும் கேட்பார்கள். மேலதிகக் காசு வாங்கலாம், அறையே தர மறுக்கலாம். முதலிலேயே மூன்று பெரியவர்கள் என்று போட்டுத் தேடுங்கள்.

கல்லடிக்காரன்

பாசிக்குடா அண்ணா, கோடி நன்றி. ஜன்னல் விசயம் என் மனதில் வந்ததே இல்லை. இன்னொரு கேள்வி. நான் பார்த்த விமானம் நடு இரவில் கட்டுநாயக்கவில் ஏறி, விடிய ஏழரை போல சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறது. ஹொட்டல்காரர் எல்லாம் பகல் 2 மணி, 3 மணிக்குத்தான் அறை என்கிறார்கள். அதுவரைக்கும் என்ன செய்வது?

களுவாஞ்சி_ரீச்சர்

மகன், இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதே பெரிய விசயம். என் கணவரோடு போன அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் அம்மாவின் பயணம் சாங்கியில் தொடங்குவது இல்லை, கல்லடியில் வான் ஏறும்போதே தொடங்குகிறது. கட்டுநாயக்கவுக்கு ஆறேழு மணி நேரம் இருந்தபடியே போக வேண்டும். பிறகு விமான நிலையத்தில் மூன்று மணி நேரம். பிறகு நாலு மணி நேரப் பறப்பு, அதில் யாரும் ஒழுங்காகத் தூங்க மாட்டார்கள். சிங்கப்பூர் நேரம் நம்மை விட இரண்டரை மணி முந்தி. அங்கே ஏழரை என்றால் அவவின் உடம்புக்கு அது விடிகாலை ஐந்து மணி. கால் வீங்கி, குளிக்காமல், பழக்கமில்லாத ஊரில் மூன்று மணி வரைக்கும் ஒரு வயதான மனுசி கதிரையில் இருப்பது பெரிய வதை. அன்றைக்கு வருகிற காய்ச்சலும் வலியும் மிச்ச நாட்களையும் தின்றுவிடும்.

அதனால் நான் சொல்வது, முந்தின இரவுக்கும் சேர்த்து அறையை எடுங்கள். நேரே போய்க் குளித்து, மத்தியானம் வரைக்கும் படுத்து எழும்பட்டும். அந்த ஒரு இரவுக் காசைச் சேர்ப்பதற்காக ஒரு நாளைக் குறைத்தாலும் பரவாயில்லை.

அக்கரை_நானா

ரீச்சர், மரியாதையோடு சொல்கிறேன், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏழு மணி நேரத்துக்காக ஒரு முழு இரவுக் காசு கொடுப்பது நம்மைப் போன்ற குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. பெட்டியை ஹொட்டலில் இலவசமாக வைத்துக்கொள்வார்கள். அம்மாவைக் கோயிலில் இருத்தலாம், சாப்பிடலாம், ஏசி உள்ள கடைத்தொகுதியில் இருக்கலாம். அல்லது பகலில் பறக்கிற விமானம் பாருங்கள், பின்னேரம் இறங்கினால் நேரே அறைக்குப் போகலாம். விமானத்தில் கொஞ்சம் கூடினாலும் இரவுக் காசு மிச்சம்.

பாசிக்குடா_வரவேற்பு

நானாவின் பகல் விமானம் நல்ல யோசனை. இரண்டு விலையையும் கூட்டிப் பாருங்கள் தம்பி. ஆனால் விடியத்தான் இறங்குவீர்கள் என்றால் நான் ரீச்சர் பக்கம். அதைச் செய்யும் முறையில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள்.

முந்தின இரவுக்கு புக் பண்ணிவிட்டு நீங்கள் அடுத்த நாள் விடியத்தான் போவீர்கள். இரவு நீங்கள் வராததைக் கண்டால் ஹொட்டல் 'வரவில்லை' என்று பதிந்து, நான்கு இரவையும் சேர்த்தே ரத்துச் செய்துவிடலாம். ஆகவே ஹொட்டலுக்கு நேரடியாக ஈமெயில் போட்டு, விமான இலக்கத்தோடு, 'நாங்கள் அடுத்த நாள் காலை 9 மணிக்கு வருகிறோம், அறையை வைத்திருங்கள்' என்று எழுதி, அவர்கள் சரி என்று போடும் பதிலைக் கையில் வைத்திருங்கள்.

காசு கொடுக்காமல் முயற்சி செய்வதென்றால், 'முந்தி அறை கிடைக்குமா' என்று பயணத்துக்கு ஒரு நாள் முந்தி கேளுங்கள். முந்தின இரவு அறை காலியாக இருந்தால் நாங்களே சிரித்த முகத்தோடு கொடுப்போம். சனி, ஞாயிறு, பண்டிகைக் காலத்தில் அது நடக்காது. சில இடங்களில் அரை நாள் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள், அது நல்ல நடுவழி.

டிசம்பர் என்கிறபடியால் இன்னொன்று. நம் பக்கம் மாரி. கொழும்பு போகிற வழியில் மன்னம்பிட்டிப் பக்கம் வீதியில் வெள்ளம் ஏறினால் மகாஓயா, மகியங்கனை வழியால் சுற்ற வேண்டும், சில நாட்களில் அதுவும் சந்தேகம். ஆகவே 'காசு திரும்பாது' என்ற மலிவு விலையைத் தொடாதீர்கள். இலவசமாக ரத்துச் செய்யக் கூடியதை எடுங்கள். அந்தக் கடைசி நேரம் சிங்கப்பூர் நேரத்தில் இருக்கும்: அங்கே இரவு 12 மணி என்றால் நமக்கு இரவு 9.30.

ராத்தா_காத்தான்குடி

தம்பி, காசு கட்டும் விசயத்தை யாரும் சொல்லவில்லை. உங்கள் வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி திறந்திருக்கிறதா என்று வங்கியிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். சில ஹொட்டல்களில் அறை வாடகைக்கு மேலாக ஒரு தொகையை வைப்பாக அட்டையில் பிடித்து வைப்பார்கள். டெபிட் அட்டை என்றால் அந்தக் காசு திரும்பக் கணக்குக்கு வர நாள் எடுக்கும். அதை நம்பிச் செலவுக்குக் காசு வைத்தால் கஷ்டப்படுவீர்கள். கடன் அட்டை இருந்தால் அதில் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காசாக வாங்குவார்களா என்று முதலே கேளுங்கள். அட்டை போடும்போது 'ரூபாயிலா, சிங்கப்பூர் டொலரிலா' என்று மெசின் கேட்டால் டொலரையே அமத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விலையில் வெட்டுவார்கள்.

இந்த இழையைப் படிக்கிற நம் முஸ்லிம் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் தேடும்போது ஹலால் சாப்பாடும் பள்ளிவாசலும் நடை தூரத்தில் வேண்டும் என்று பார்த்தோம். தமிழ்க் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா பகுதியிலேயே டன்லப் வீதியில் அப்துல் கபூர் பள்ளி, சிராங்கூன் வீதியில் அங்குலியா பள்ளி இருக்கின்றன. சுல்தான் பள்ளியைச் சுற்றின கம்போங் கிளாம் பகுதியும் எங்களுக்கு வசதி, பூகிஸ் ரயில் நிலையம் கிட்ட. பெண்பிள்ளைகளோடு இரவில் நடந்தபோதும் பயம் தெரியவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கல்லடிக்காரன்

ராத்தா, அட்டை விசயத்துக்கு நன்றி. நாளைக்கே வங்கிக்குப் போகிறேன். அப்படியென்றால் நாங்களும் லிட்டில் இந்தியாவிலேயே பார்க்கலாமா? திருக்கோவில் அண்ணா, எந்தத் தெருவென்று சொல்ல முடியுமா?

திருக்கோவில்_கடல்

ஹொட்டல் பெயர் சொல்ல மாட்டேன் தம்பி. விலையும் பராமரிப்பும் மாறிக்கொண்டே இருக்கும், இன்றைக்கு நான் நல்லது என்றது நாளைக்குக் கெட்டுப் போகலாம். தெரு மாறாது, அதைச் சொல்கிறேன்.

லிட்டில் இந்தியாதான் உங்கள் அம்மாவுக்கு. அவவுக்கு ஒரு ஆங்கிலச் சொல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தமிழ் இங்கே நான்கு அரச மொழிகளில் ஒன்று. இறங்கி நடந்தால் பூக்கடையில், மரக்கறிக் கடையில், மருந்துக் கடையில் தமிழிலேயே கதைக்கலாம். தேக்கா சந்தை, பஃபலோ வீதி, கேம்பல் லேன், டன்லப் வீதி எல்லாம் ஒரு சுற்றுக்குள். கோமள விலாஸ் 1947இல் இருந்து சிராங்கூன் வீதியில் மரக்கறிச் சாப்பாடு போடுகிறது. வீரமாகாளியம்மன் கோயிலும் அதே வீதி. அம்மா காலையில் எழும்பிக் கும்பிட்டுவிட்டு வரலாம். நேரம் இருந்தால் காத்தோங் பக்கம் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், நம் இலங்கைத் தமிழர் அந்தக் காலத்தில் எழுப்பின கோயில்.

டன்லப் வீதி, டிக்சன் வீதி, கேம்பல் லேன், ரேஸ் கோர்ஸ் வீதி, இதற்குள் பாருங்கள். டெஸ்கர் வீதிப் பின்சந்துகள் பக்கம் வேண்டாம், காரணம் கேலாங்குக்குச் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்களைப் போன்ற தொழிலாளர் எல்லாரும் இங்கேதான் கூடுவோம், தெரு நிறைந்திருக்கும். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் சத்தம். வீதியைப் பார்த்த அறை என்றால் அன்றைக்குத் தூக்கம் பிந்தும்.

ரயிலுக்கு எத்தனை நிமிட நடை என்பதை ஹொட்டல்காரர் சொல்வதை நம்பாமல் வரைபடத்தில் நீங்களே அளந்து பாருங்கள். பலர் லிட்டில் இந்தியா நிலையத்தை மட்டும் பார்ப்பார்கள். டன்லப், டிக்சன் பக்கம் ஹொட்டல் என்றால் ரோச்சோர், ஜாலான் பெசார் நிலையங்களையும் பாருங்கள். சாங்கியில் இருந்து எக்ஸ்போ நிலையத்தில் இறங்கி டவுன்டவுன் பாதைக்கு மாறினால், ஒரே ஒரு மாற்றத்தோடு ஜாலான் பெசாருக்கு வந்துவிடலாம். ஐந்து ஆறு நிமிட நடைக்குள் நிலையம் இருந்தால் 20 டொலர் கூடக் கொடுத்தாலும் நியாயம். டிசம்பரில் இங்கேயும் மழைக் காலம். ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை அந்த நடையை அம்மா நடக்க வேண்டும்.

முதல் நாள் மட்டும் டாக்சியில் போங்கள், மூன்று பேருக்கும் பெட்டிகளுக்கும் அது சரி. நடு இரவில் இருந்து விடிய 6 மணி வரைக்கும் மீற்றரில் பாதி கூடச் சேரும். உங்கள் ஏழரை மணி விமானத்துக்கு அந்தக் கவலை இல்லை.

கல்முனை_வீதி

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். முகநூலில் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் தமிழ்க் குடும்பம் ஒன்று அறை தருகிறது, இரவுக்கு 45 டொலர், சமைக்கவும் விடுவார்களாம். மரக்கறிச் சாப்பாட்டு அம்மாவுக்கு இது நல்லது இல்லையா?

திருக்கோவில்_கடல்

இல்லை தம்பி, தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். சிங்கப்பூர்ச் சட்டப்படி தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்குக் கொடுக்க முடியாது. அரசாங்க அடுக்குமாடி வீடு என்றால் ஆறு மாதம். நாலு நாளைக்குக் காசு வாங்கி அறை கொடுப்பது சட்டவிரோதம். சொந்தக்காரர் வீட்டில் விருந்தாளியாக நிற்பது வேறு கதை.

முதல் தடவை வருகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வருவதற்கு மூன்று நாளைக்குள் எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதில் தங்கும் முகவரி கேட்பார்கள். குடிவரவு அதிகாரி ஹொட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். உரிமம் உள்ள ஹொட்டலின் பதிவு, பாஸ்போட்டில் உள்ளபடியே பெயரோடு இருந்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். அந்த அட்டை குடிவரவுத் திணைக்களத்தின் சொந்தத் தளத்தில் இலவசம். காசு கேட்கும் தளங்களுக்குள் போகாதீர்கள்.

களுவாஞ்சி_ரீச்சர்

மகன், அம்மா வெற்றிலை போடுகிறவவா? அப்படியென்றால் புகையிலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், மெல்லும் புகையிலை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை. வெற்றிலை, பாக்கு லிட்டில் இந்தியாவிலேயே வாங்கலாம். வெளியில் துப்பினால் தண்டம் கட்ட வேண்டும், அதையும் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

கல்லடிக்காரன்

ரீச்சர், அம்மா போடுவா! இதை நான் விமான நிலையத்தில்தான் அறிந்திருப்பேன். இன்றைக்கே சொல்கிறேன்.

எல்லாருடைய சொல்லையும் வைத்துத் தேடி இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று, டன்லப் வீதிக்குப் பக்கத்தில் 16 சதுர மீற்றர், மூன்று ஒற்றைக் கட்டில், ஜன்னல், லிஃப்ட் எல்லாம் உண்டு, வரியோடு 142 டொலர், ரத்துச் செய்யலாம். மற்றது, தங்குவிடுதி ஒன்றில் நாலு கட்டில் உள்ள அறையை முழுதாக எடுப்பது, வரியோடு 104. குளியலறை மட்டும் பொது, அதே மாடியில். அக்கரை நானா, உங்கள் கணக்கில் இரண்டாவதுதான் வரும் என்று தெரியும். நீங்களும் சொல்லுங்கள்.

அக்கரை_நானா

தங்கச்சியும் நீங்களும் மட்டும் போனால் இரண்டாவதை எடு என்று தயங்காமல் சொல்வேன், அந்த மாதிரி விடுதிகள் பல துப்புரவாகவே இருக்கும். ஆனால் இரவில் எழும்பி வெளிக் குளியலறைக்கு நடக்க வேண்டிய வயது அம்மாவுக்கு. முதலாவதை எடுங்க தம்பி. நாலு இரவுக்கு 152 டொலர்தான் வித்தியாசம். அதில் ஒரு பகுதியைச் சாப்பாட்டில் பிடிக்கலாம்: காலைச் சாப்பாடு சேர்ந்த விலை எடுக்க வேண்டாம், தேக்காவில் இட்டலி தோசை கிடைக்கும். குழாய்த் தண்ணியே குடிக்கலாம், போத்தல் வாங்கத் தேவையில்லை. கிறிஸ்மஸ் கிழமைக்கு முந்தியே போய் வந்துவிடுங்க, புதுவருசம் வரைக்கும் விலை ஏறிக்கொண்டே போகும்.

பாசிக்குடா_வரவேற்பு

முதலாவதுதான். ஆனால் அமத்த முதல் அந்த ஹொட்டலின் கருத்துகளைப் புதியதில் இருந்து பழையதுக்குப் படியுங்கள், மொத்தப் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டாம். ஒருவர் 'சேவை மோசம்' என்று எழுதினால் விட்டுவிடலாம். கடந்த ஒரு வருசத்துக்குள் வேறு வேறு ஆட்கள் மூட்டைப்பூச்சி, பூஞ்சணம், லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தால் அது உண்மை. விருந்தாளிகள் எடுத்துப் போட்ட படங்களில் குளியலறையைப் பாருங்கள்.

கல்லடிக்காரன்

பார்த்தேன் அண்ணா. பூச்சி பற்றி ஒன்றும் இல்லை, 'அறை சின்னது, இடம் நல்லது' என்றுதான் கூடுதலானவர்கள் எழுதியிருக்கிறார்கள். டிசம்பர் இரண்டாம் கிழமைக்குப் போட்டுவிட்டேன். முந்தின இரவை எடுக்கவில்லை. ஹொட்டலுக்கு எழுதிக் கேட்டேன், காலை 9 மணிக்கு அறை தர 50 டொலர் என்று பதில் போட்டிருக்கிறார்கள். அதற்குச் சரி சொல்லிவிட்டேன். வீதிக்குப் பின்பக்க அறை கேட்டும் எழுதியிருக்கிறேன்.

கல்முனை_வீதி

நானும் இதே மாதிரிப் போகப் போகிறேன். ஹொட்டல் பதிவை அச்சடித்துக் கொண்டு போக வேண்டுமா, போனில் இருந்தால் போதுமா?

பாசிக்குடா_வரவேற்பு

இரண்டும் வையுங்கள். இறங்கினதும் போனில் சிம் வேலை செய்யாமல் இருக்கலாம், சார்ஜ் இல்லாமல் போகலாம். பதிவு, அந்த 9 மணி ஈமெயில், திரும்பும் டிக்கெட் மூன்றையும் அச்சடித்து, ஒரு பிரதியைத் தங்கச்சியின் பையிலும் வைக்கச் சொல்லுங்கள். ஹொட்டல் முகவரியை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு துண்டில் எழுதி அம்மாவின் கையில் கொடுங்கள்; கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்த டாக்சிக்காரரிடமும் அதைக் காட்டலாம்.